வசனம் எல்லாம் மனப்பாடம், ஆனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முகம் வாடிப்போனது

கேட்டவர்: தாம்பரம்அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3 முடிந்தது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மகன் ஓய்வுநாள் பாடசாலைக்கு, அதாவது கோவிலில் நடக்கும் ஞாயிறு வேத வகுப்புக்கு, ஒரு வாரம்கூடத் தவறியதில்லை, போன மே மாதம் விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) மனப்பாட வசனத்துக்கு முதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்கூட வாங்கி வந்தான். 23ஆம் சங்கீதம் தடங்கலில்லாமல் சொல்வான். "நான் தாழ்ச்சியடையேன்" என்றால் என்னடா என்று ஒரு நாள் கேட்டேன், "கீழ விழ மாட்டேன்" என்றான். எனக்கு ஒரு குறையும் வராது என்பதுதான் அதற்கு அர்த்தம். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அப்போதே யோசித்திருக்கணும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பொரி, சுண்டல், ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், இவன்தான் கதவைத் திறந்தான். "இது சாமிக்குப் படைச்சது, நாங்க சாப்பிட மாட்டோம், சாப்பிட்டா இயேசப்பா கண்ணைக் குத்திடுவார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போயிருக்கிறான். நான் ஓடி வருவதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது. என் இரண்டாவது பிரசவத்தின்போது அம்மா ஊரிலிருந்து வர முடியாமல் போய், பத்து நாள் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தவர் அவர். நான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன், அவரும் "சின்னப் பையன்தானே" என்றார். ஆனால் அதற்கப்புறம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ராத்திரி படுக்கையில் இவன் அழுகிறான். ஆன்ட்டியின் பேரன் இவனோடு ஒரே வேனில் பள்ளிக்குப் போகிறவன், இவனுடைய உயிர்த் தோழன். "அவன் நரகத்துக்குப் போவானா அம்மா? அங்க அவன் மட்டும் தனியா எப்படி இருப்பான்?" எனக்குப் பதில் வரவில்லை, தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன், தூங்கிவிட்டான்.

ஓய்வுநாள் பாடசாலை டீச்சரிடம் கேட்டேன், அப்படியெல்லாம் நாங்கள் சொல்லித் தரவில்லை என்றார். கணவர், விடு சரியாகிவிடும் என்கிறார். மாமியாருக்கோ ஒரே சந்தோஷம், "தானியேல் மாதிரி சாட்சியா நின்னிருக்கான்" என்று போனில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விசுவாசத்தில் வளரவேண்டும், ஆனால் இப்படி இல்லை. வீட்டில் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்? எந்த வயதுக்கு எந்தக் கதை? நரகத்தைப் பற்றி 6 வயதில் பேசலாமா?

---

பாளைடீச்சர்

தங்கச்சி, 22 வருஷமாகப் பாலர் வகுப்பு எடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் டீச்சர் பொய் சொல்லியிருக்க மாட்டார். நாங்கள் சொல்வது ஒன்று, பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போவது இன்னொன்று. சொன்னவருக்கே அடையாளம் தெரியாமல் போய்ச் சேரும்.

முதலில் அந்தக் கண்ணைக் குத்துகிற விஷயம். அது வேதத்திலும் இல்லை, பாட புத்தகத்திலும் இல்லை. "சாமி கண்ணைக் குத்தும்" என்று ஊரில் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான், நாம் சாமியை எடுத்துவிட்டு இயேசப்பாவைப் போட்டுக்கொண்டோம். சோறு ஊட்டும்போது யாராவது சொல்லியிருப்பார்கள். இன்றே நிறுத்துங்கள், வீட்டில் இருக்கிற பெரியவர்கள் உட்பட.

உங்கள் மாமியார் தானியேல் என்கிறார்களா? சரி, தானியேல் முதலாம் அதிகாரத்தை அவர்களையே பேரனுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்று முடிவு பண்ணின தானியேல் தட்டைத் தள்ளிவிடவில்லை. தன்னைத் தீட்டுப்படுத்தாதபடி பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொள்கிறான், அந்த மனுஷன் ராஜாவுக்குப் பயப்படுகிறான் என்று தெரிந்ததும், பத்து நாள் பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று விசாரிப்புக்காரனிடம் தணிந்து கேட்கிறான். எவ்வளவு மரியாதை! நான் இந்தப் பாடத்தை எடுக்கும்போது ஒரு பையனைத் தானியேலாகவும் இன்னொருவனை விசாரிப்புக்காரனாகவும் நிற்கவைத்து "ஐயா, தயவுசெய்து" என்று பேச வைப்பேன். சாட்சியாய் நிற்பது என்றால் முறைப்பது இல்லை என்பது அங்கேயே புரிந்துவிடும்.

கதைகள் பற்றிக் கேட்டீர்கள். என் கணக்கு இது, வேறு டீச்சர்மார் வேறு மாதிரி சொல்லலாம். 5 வயதுக்குள் என்றால் தொலைந்த ஆடு, காட்டத்தி மரத்தில் ஏறின சகேயு, ராத்திரியில் கூப்பிடுகிற சத்தம் கேட்டு ஏலியிடம் மூன்று தரம் ஓடுகிற சாமுவேல், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன். இதெல்லாம் பிள்ளைகளுக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன பாடத்தை நான் புதுசில் 5 வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாக நடித்தே சொல்லிவிட்டேன், கத்தியெல்லாம் காட்டி. அன்றைக்கு ஒரு பையன் தன் அப்பாவோடு பைக்கில் ஏற மாட்டேன் என்று வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதான். அன்றிலிருந்து அந்தப் பாடம் என் வகுப்பில் கிடையாது, 10 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளட்டும்.

வசனம் மாதம் ஒன்று போதும். ஒரு வாரம் சொல்லிப் பார்ப்பது, மறுவாரம் படம் வரைவது, அப்புறம் அதை வைத்து வீட்டில் என்ன செய்தாய் என்று கேட்பது. முதல் பரிசையும் நான் நிறுத்திவிட்டேன், எல்லாருக்கும் ஒரே பென்சில். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, பெற்றோர்தான் கமிட்டியிடம் போய்ச் சண்டை போட்டார்கள்.

நரகம் பற்றி: அவன் கேட்டது நரகத்தைப் பற்றி இல்லை, தோழனைப் பற்றி. "நியாயம் தீர்க்கிறது நம்ம வேலை இல்லை, இயேசப்பா அவனை உன்னைவிட அதிகமா நேசிக்கிறார்" என்று சொல்லி, அவனுக்காக ஜெபம் பண்ணச் சொல்லுங்கள். 6 வயதுக்கு அது போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாலர் வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோவில்தானே என்று யாரும் கேட்பதே இல்லை. கேளுங்கள், நல்ல டீச்சர் யாரும் கோபப்பட மாட்டார்.

---

தரங்கைப்பேரன்

டீச்சர் அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பாரத்தை மொத்தமாக ஓய்வுநாள் பாடசாலை மேல் போடுவது அதற்கே அநியாயம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதில் பாட்டு, வருகைப் பதிவு, காணிக்கை போக மிஞ்சுவது அரை மணி.

அந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்று பார்த்தாலே புரியும். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை ஆரம்பித்தபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு என்பதால், அன்றைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, வேதம் வாசிக்கப் பழக்கினார்கள். வீட்டில் அப்பா அம்மா செய்யவேண்டியதைச் செய்வதற்காக இல்லை. அதற்கும் 250 வருஷம் முன்னால், 1529இல், ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பித்த லுத்தர் தன் சிறிய ஞானோபதேசத்தை (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித் தரும் புத்தகம்) எழுதியபோது ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்ச் சொல்லித் தரவேண்டியது இப்படி என்றே போட்டார். கட்டளையைச் சொல்லிவிட்டு உடனே "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேள்வி வரும். வரிக்கு வரி அந்தக் கேள்விதான். உங்கள் பையன் "கீழ விழ மாட்டேன்" என்றானே, அந்த இடத்தில் விட்டுப்போனது இந்தக் கேள்வி.

அந்தப் புத்தகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க். அவர் தமிழ் எழுத்தை எப்படிப் படித்தார் தெரியுமா, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான். எங்கள் ஊர்க்காரர் என்பதால் கொஞ்சம் பெருமை, மன்னிக்கவும்.

என் வீட்டு நடைமுறையைச் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது ராத்திரி 9 மணிக்குக் குடும்ப ஜெபம் என்றால் 45 நிமிஷம், தாத்தா ஊரில் உள்ள அத்தனை பேருக்காகவும் பேர் சொல்லி ஜெபிப்பார், நாங்கள் முட்டி போட்டபடியே தூங்கி ஒருவர்மேல் ஒருவர் சாய்வோம், அடி விழும். இப்போது நாங்கள் 7 நிமிஷம்தான், சாப்பாட்டுக்கு முன்னாலேயே, தூக்கம் வருவதற்குள். ஒரு பத்தி வாசிப்போம், பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கலாம், எங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்போம். அப்புறம் அன்றைக்கு யாரிடம் தப்பாக நடந்துகொண்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும், முதலில் நான். முதல் நாள் என் மகளிடம் "காலையில ஷூ தேடினப்ப கத்திட்டேன், மன்னிச்சுக்கோ" என்றபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள் பாருங்கள். அப்பா மன்னிப்புக் கேட்பார் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

உபாகமம் 6இல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பேசு என்றுதான் இருக்கிறது. ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கிற பத்து நிமிஷம்கூட அதில் சேரும்.

---

பழையபாதை

எல்லாரும் ரொம்ப மெதுவாகப் பேசுகிறீர்கள். அந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்தான்? படைத்ததை வேண்டாம் என்றான். அந்த வயதில் என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள், இன்றைக்கும் நிற்கிறேன். "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்று எழுதியிருக்கிறதா இல்லையா? பயமே வேண்டாம், பரிசே வேண்டாம், நரகமே வேண்டாம் என்று வளர்த்தால் 16 வயதில் கோவில் பக்கமே வர மாட்டான். போனைத்தான் நோண்டிக்கொண்டிருப்பான்.

---

பாளைடீச்சர்

அண்ணன், அவன் வேண்டாம் என்றதில் எனக்குக் குறை இல்லை. அது அந்த வீட்டு அப்பா அம்மா ஜெபத்தோடு முடிவு பண்ணவேண்டியது. கொரிந்து சபையாருக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுலே படைத்ததைச் சாப்பிடுவதைப் பற்றி அத்தனை விளக்கம் சொல்கிறார், நாம் 6 வயதுப் பிள்ளையின் தலையில் அதைக் கட்ட முடியாது. நான் சொல்வது அவன் சொன்ன விதத்தை. "வேண்டாம் பாட்டி, தேங்க்ஸ்" என்று சொல்லியிருந்தால் இந்தத் திரியே வந்திருக்காது.

பயம் என்றால், எங்கள் அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம், ஆனால் இருட்டில் பயந்தால் அவரிடம்தான் ஓடுவோம். அந்தப் பயத்தைத்தான் வேதம் சொல்கிறது என்று நினைக்கிறேன். கண்ணைக் குத்துகிறவரிடம் யார் ஓடுவார்?

---

முத்துநகர்க்காரன்

நாங்கள் கத்தோலிக்கர், இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். தூத்துக்குடி.

தாழ்ச்சியடையேன் விஷயத்துக்கு ஒரு யோசனை. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது, அதில் அந்த வரி "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கும். என் மகளுக்கு 7 வயது, இங்கிலீஷ் மீடியம், தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள், அவளுக்கே அது உடனே புரிந்தது. உங்கள் பழைய மொழிபெயர்ப்பின் ஓசை அழகுதான், மறுக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று காதுக்கு, ஒன்று புத்திக்கு.

எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலி (பூசை) முடிந்து பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. ஆனால் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்வது கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது என்பேன். களிமண், வைக்கோல், பழைய அட்டைப்பெட்டி, நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து கட்டுவார்கள், அதில் இந்துப் பிள்ளைகளும் உண்டு, ஒரு வருஷம் ஒட்டகம் உடைந்துபோய் பக்கத்து வீட்டுக் கொலுவிலிருந்து ஒரு யானை வந்து நின்றது. மூன்று ஞானிகளில் ஒருவர் யானையில் வந்தார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வீட்டில் ஒரு உண்டியல் வைப்போம், வெள்ளிக்கிழமை மீன் வாங்காமல் மிச்சம் பிடித்த காசை மகளே போடுவாள் (கடற்கரைக்காரனுக்கு மீன் வாங்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று உங்களுக்குத் தெரியாது), பெரிய வியாழனுக்கு முன்னால் அவளே எண்ணிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

---

பெயர்வேண்டாம்

நான் கோவிலுக்குப் போவதை விட்டு 12 வருஷம் ஆகிறது. சண்டை போட வரவில்லை, உங்கள் பையனுக்காக எழுதுகிறேன்.

என் அப்பா சபையில் பெரிய ஆள். தினமும் இரண்டு வேளை ஜெபம். ராத்திரி "எங்களுக்கு விரோதமாய்ச் செய்தவர்களை மன்னிக்கிறோம்" என்று சொல்லி எழுந்து, பாயைச் சுருட்டுமுன்பே சொத்துப் பிரித்துக்கொண்டு போன சித்தப்பாவைத் திட்ட ஆரம்பிப்பார். அது தினமும். எனக்கு 9 வயதிலேயே கணக்குப் புரிந்துவிட்டது. யாரும் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தியதால் நான் வெளியே வரவில்லை, இது ஒரு நாடகம் என்று தோன்றியதால் வந்தேன்.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு தகர டப்பாவில் போடுவார். கைப்பிடி அரிசி, கோவிலுக்கு. மாதக் கடைசியில் ரேஷன் அரிசி தீரப்போகிற நாளிலும் எடுப்பார், அன்றைக்குக் கொஞ்சம் சின்னக் கையாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு வார்த்தை விளக்கம் சொன்னதில்லை. நான் இன்றைக்கும் சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை எடுத்து வைத்துவிடுகிறேன், யாருக்காவது போகும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

---

பழையபாதை

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் பையன்களிடம் நான் எப்படி என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

---

தாம்பரம்அம்மா

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிறது, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் அக்கா சொன்னபடி மகனிடம் பேசினேன். ஆன்ட்டியிடம் ஏன் அப்படிச் சொன்னாய், யார் சொல்லிக் கொடுத்தது என்று. அவன் ரொம்ப சாதாரணமாக, "நீங்கதானே அம்மா, போன தடவை அவங்க குடுத்ததை அவங்க போனதுக்கப்புறம் குப்பையில போட்டீங்க" என்றான்.

எனக்கு உட்கார்ந்துவிட வேண்டும் போல ஆகிவிட்டது. உண்மைதான். வருஷாவருஷம் சிரித்தபடி வாங்கி, கதவைச் சாத்தியதும் பழைய பேப்பரில் சுற்றிப் போட்டுவிடுவேன், அவர் மனம் நோகக்கூடாது என்றுதான். அதை அவன் அடுப்படி வாசலில் நின்று பார்த்திருக்கிறான். நான் செய்ததை அவன் வாயால் சொன்னான், அவ்வளவுதான். கண்ணைக் குத்துகிற பேச்சு மாமியாருடையது, விசாரித்துவிட்டேன்.

கணவரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எங்களுக்குப் படைத்ததைச் சாப்பிட இன்னும் மனம் வரவில்லை, அதை நேராகவே சொல்லிவிடுவது என்று. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். குப்பைத் தொட்டியில் போட்டது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகன் "சாரி பாட்டி" என்றான். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, கோபம்தான், தெரிந்தது. அப்புறம், "இத்தனை வருஷமா குப்பைக்கா போச்சு? நெய் ஊத்திப் பண்ணினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படைக்கிறதுக்கு முன்னாடியே உனக்குத் தனியா எடுத்து வச்சிருப்பேனே, எங்க அம்மா அவங்க சிநேகிதி எஸ்தருக்கு அப்படித்தான் எடுத்து வைப்பாங்க" என்றார்.

தீபாவளிக்கு முதல் நாளே தூக்குவாளி வந்துவிட்டது. முறுக்கு, அதிரசம். மகன் வாசலில் நின்று வாங்கி, "படைச்சதா பாட்டி?" என்று கேட்டிருக்கிறான், அவர் "இல்லடா, இன்னும் சாமியே பாக்கல, நீதான் முதல்ல" என்றிருக்கிறார்.

ராத்திரி ஜெபத்தில் இப்போது தோழன் பேரும் உண்டு. அவனுக்கு சைக்கிள் கிடைக்கணும் என்று ஜெபிக்கிறான், தனக்கும் ஒன்று என்று கடைசியில் சேர்த்துக்கொள்கிறான். மாமியார் கிறிஸ்துமஸுக்கு வருகிறார். தானியேல் முதலாம் அதிகாரத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன்.

---

பாளைடீச்சர்

கிறிஸ்துமஸுக்கு அந்தத் தூக்குவாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிடாதே தங்கச்சி. அச்சு முறுக்கு சுடத் தெரியுமா? தெரியாவிட்டால் பக்குவம் அனுப்புகிறேன், முட்டை சேர்க்காமல், அவர்கள் வீட்டில் ஆகாமல் இருக்கலாம், முதலில் கேட்டுக்கொள்.